காரணம் எழுதச் சொன்னேன்

எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் கடைசி வருட மாணவர்கள் முன்னால் பேசச் சொல்லிப் போன மாதம் அழைத்தார்கள். 'புதிய தொழில்நுட்பமும் நாளைய வேலைகளும்' என்று தலைப்பும் கொடுத்திருந்தார்கள். வர முடியாது என்று சொல்லிவிட்டேன். மேடை ஏறினால் பொன்னாடை போர்த்துவார்கள். அதற்கப்புறம் நம்பிக்கையாக நாலு வார்த்தை சொல்லித்தான் இறங்க வேண்டும். என்னிடம் அந்த நாலு வார்த்தை இல்லை. அழைக்க வந்த மாணவி விடவில்லை. "அப்ப காலேஜ் மலருக்காவது எழுதிக் குடுங்க சார். நீங்க பாத்தத எழுதுங்க, போதும்" என்றாள். பார்த்ததை மட்டும் எழுதினால் போதாது, செய்ததையும் எழுத வேண்டும். அதனால் கொஞ்சம் நீளும்.

நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவன். ஆசிரியர் வேலை கிடைக்காமல் சென்னைக்குப் போய், 'டேட்டா என்ட்ரி' என்று இப்போது எல்லோரும் சொல்லும் வேலையில் சேர்ந்தேன். யாரோ கையால் நிரப்பிய படிவங்களைப் பார்த்துக் கணினியில் அடித்துக் கொடுக்கிற வேலை. அடிக்கிறவனாக இருந்து, சரிபார்க்கிறவனாகி, சரிபார்க்கிறவர்களை மேற்பார்வையிடுகிறவனானேன். திண்டுக்கல்லிலிருந்து சின்னாளப்பட்டி போகும் வழியில், மதுரை ரோட்டை ஒட்டி எங்கள் நிறுவனம் ஒரு கிளை திறந்தபோது, சொந்த ஊர்ப் பக்கம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். தரத்துக்குப் பொறுப்பாளர் என்பது என் பதவி. கடைசி வரை அங்கேதான் இருந்தேன்.

வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் சுற்றுவட்டாரப் பிள்ளைகள். தாடிக்கொம்பு, ஆத்தூர், கொடைரோடு, நிலக்கோட்டை என்று பஸ் போகும் இடத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். பெரும்பாலும் அந்தந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். மில்லுக்குப் போகாமல், வெயிலில் நிற்காமல், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதே அவர்கள் வீட்டில் பெரிய செய்தி.

எங்களுக்கு வந்தவை காப்பீட்டு விண்ணப்பங்கள். தமிழ்நாடு முழுவதும் தமிழிலும் ஆங்கிலத்திலும் மனிதர்கள் நிரப்பியவை. படிவம் படமாகத் திரையில் வரும். ஒரே படத்தை முதல் மேசையில் ஒருவரும் இரண்டாவது மேசையில் இன்னொருவரும் தனித்தனியாக அடிப்பார்கள். ஒருவர் அடித்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி என்று போய்விடும். வேறுபட்டால் அந்த இடம் மட்டும் மூன்றாவது மேசைக்கு வரும். அங்கே இருப்பவர் படத்தைப் பார்த்து, இன்னதுதான் என்று முடிவு சொல்வார். மூன்றாவது மேசைக்கு நேரடியாக யாரையும் எடுக்க மாட்டோம். முதல் இரண்டு மேசைகளில் வருடக்கணக்கில் உட்கார்ந்து, ஆயிரம் விதமான கையெழுத்துகளோடு மல்லுக்கட்டியவர்கள்தான் அங்கே போக முடியும்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக் கொடுத்த விதி ஒன்றுதான்: கண்ணில் பட்டதை அடி, நினைப்பதை அடிக்காதே. பெயர் 'முருகன்' என்றுதான் இருக்கும் என்று தோன்றினாலும் தாளில் 'முரகன்' என்றிருந்தால் 'முரகன்'தான். அடிக்கிறவர் திருத்த ஆரம்பித்தால் தரவு கெட்டுப்போகும். இதைப் பல வருடம் கண்டிப்பாக நடத்தினேன். யோசித்து அடித்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கடிந்திருக்கிறேன். ஆண்டனி என்று ஒருவன், வாய்த்துடுக்கு. "மூளையக் கேட்ல குடுத்துட்டு வந்து, போறப்ப வாங்கிட்டுப் போகணும் சார், அப்படித்தான?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். சிரித்தோம்.

கிளை மேலாளர் பிரபாகர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். என்னைவிட இருபது வயது இளையவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. திங்கட்கிழமைகளில் வீட்டுத் தோட்டத்து முருங்கைக்காயைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வரவேற்பு மேசையில் வைத்துவிடுவார், வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம். எதையும் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டார். "ஏனுங்க சார், சாப்ட்டாச்சுங்களா?" என்று ஆரம்பித்து, விஷயத்தை முழுதாக எடுத்து வைத்துவிட்டு, "அப்புறம் ஒங்களுக்கே தெரியுமுங்க" என்று முடிப்பார். அவர் போன பிறகு யோசித்தால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதைச் செய்தது நாமாக இருப்போம்.

ஒரு நாள் அவர் புது வேலை ஒன்றைக் கொண்டு வந்தார். படங்கள் அதேதான். ஆனால் மூன்றாவது மேசையில் முடிவு சொல்கிறவர், எதை வைத்து அப்படி முடிவு செய்தார் என்பதையும் பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். வேலை கொடுக்கும் நிறுவனம் கேட்கிறது என்றார். எழுத வைக்கும் பொறுப்பு என்னுடையது.

முதல் வாரம் பிள்ளைகளுக்கு வரவில்லை. 'பார்த்தால் தெரிகிறது' என்று எழுதினார்கள். நான் ஒவ்வொருவர் பக்கத்திலும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எதைப் பார்த்தாய், முதலில் கண் எங்கே போனது, ஏன் அது இல்லை என்று கேட்டுக் கேட்டு எழுத வைத்தேன். பழைய விதியை நானே தலைகீழாகத் திருப்பினேன். இப்போது நினைப்பதை எழுது. எனக்குக் 'காரணம் சார்' என்று பெயர் வைத்தார்கள். "டீ வேணும்னாலும் காரணம் எழுதணுமா சார்?" என்பான் ஆண்டனி.

ஆனால் அவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. அத்தனை வருடம் நினைக்காதே என்று சொல்லப்பட்ட பிள்ளைகள். நீ என்ன நினைத்தாய் என்று ஒருவர் கேட்டதும் முகமே மாறிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் சோற்றுக்குக் கொண்டுவந்த வெஞ்சனத்தைப் பகிர்ந்துகொண்டே காரணங்களைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

அவர்களில் செல்வராணி ஒருத்தி. தாடிக்கொம்புக்குப் பக்கத்துக் கிராமம், அப்பா மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தார். பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். அதிகம் பேச மாட்டாள். அவள் எழுதிய ஒரு காரணம் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு கட்டத்தில் ஒருவர் 'மல்லி' என்றும் மற்றவர் 'வள்ளி' என்றும் அடித்திருந்தார்கள். செல்வராணி எழுதினாள்: 'இது தொழில் என்ற கட்டம். பெயர் வராது. ஊர் நிலக்கோட்டை. அங்கே பூ விவசாயம் உண்டு. மேலே மதுரை என்ற சொல்லிலும் இவர் ம-வை இப்படியே மூடி எழுதியிருக்கிறார். ஆகவே மல்லி.' இன்னொரு படிவத்தில் முதியவர் ஒருவரின் பிறந்த தேதி மங்கியிருந்தது. 'இந்த வயதுக்காரர்களுக்குப் பள்ளியில் சேர்த்த தலைமையாசிரியர்தான் தேதி போட்டிருப்பார். பெரும்பாலும் மாதத்தின் முதல் தேதியாக இருக்கும். தெரிகிற கோடும் ஒன்றுக்குப் பொருந்துகிறது' என்று எழுதியிருந்தாள்.

வேலை கொடுத்த நிறுவனத்திலிருந்து பாராட்டு வந்தது. எல்லாக் கிளைகளிலும் திண்டுக்கல்லின் காரணங்கள்தான் சிறந்தவை என்று. எனக்கு அப்போது ஓய்வு வயது தாண்டிவிட்டது. இந்த வேலைக்காகவே எனக்கு நீட்டிப்புக் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக, படித்த இலக்கியத்துக்கு ஏற்ற வேலை பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பிரபாகர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சாப்பிட்டாச்சா என்று கேட்டார். பிறகு சொன்னார்.

"இந்தக் காரணமெல்லாம் எங்க போகுதுன்னு கேட்டீங்கள்ல சார். ஒரு மெஷினுக்குப் பாடமா போகுதுங்க. அதுவே படத்தப் படிச்சு, அதுவே முடிவு பண்ணப் போகுது."

"நம்ம புள்ளைக?"

"இன்னும் ஒரு வருசம் ஓடுமுங்க. அதுக்கு மேல வேலை வராது."

"அப்ப அவங்களுக்குச் சொல்லணுமே சார். வேற வழி பாக்கணும்ல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லலாமுங்க. நான் வேண்டாங்கல. சொன்னா நாளைக்கு இதே மாதிரி எழுதுவாங்களான்னு பாருங்க. எழுதலைன்னா வேற ஊருக்கு வேலை போயிரும், அந்த ஒரு வருசமும் இல்லாமப் போயிரும். ஒங்களுக்கே தெரியுமுங்க."

நான் சொல்லவில்லை. அவர்களுடைய ஒரு வருடத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வெளியில் வரும்போது நினைத்துக்கொண்டேன். என் நீட்டிப்பும் அந்த ஒரு வருடத்தில்தான் இருந்தது என்பதை அப்போது நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் இருக்கும். மதிய உணவு முடிந்து செல்வராணி என் மேசைக்கு வந்து நின்றாள். அப்போது அவள் இரண்டாவது மேசையிலிருந்து மூன்றாவதற்குத் தற்காலிகமாகத்தான் வந்திருந்தாள்.

"சார், ஒங்கள ஒண்ணு கேக்கணும். பி.எட். சீட் கெடச்சிருக்கு. இந்த வாரத்துக்குள்ள சேரணும்."

"நல்லதும்மா."

"சேர்ந்தா வேலைய விடணும். அப்பா தோட்டத்துல இருக்காரு, நல்லா இருக்காரு, இப்பப் படிச்சாத்தான் உண்டு. ஆனா இந்த வேலையும் புடிச்சிருக்கு சார். அப்பாவுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. சாரையே கேட்டுட்டு வா, அவரு சொல்றபடி செய்வோம்னு சொல்லிட்டாரு."

அவள் போய்விட்டால் மூன்றாவது மேசையின் காரணங்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த மாத அறிக்கை கண் முன்னால் வந்தது. முன்பே தயாரித்து வைத்திருந்ததைப் போல் வாயிலிருந்து வந்துவிட்டது:

"பி.எட். எப்ப வேணும்னாலும் படிக்கலாம்மா. மூணாவது மேசை எப்பவும் கெடைக்காது. ஒன்ன நிரந்தரமாப் போடச் சொல்லி எழுதப்போறேன். இரு."

"சரிங்க சார்" என்றாள். அவள் முகத்திலிருந்து பெரிய பாரம் இறங்கியது. நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் அன்றே எழுதினேன். அவளை நிரந்தரமாக மூன்றாவது மேசையில் போட்டார்கள்.

இதுதான் நான் செய்தது. ஒரு வருடம்தான் ஓடும் என்று கேட்ட பிறகு, தெரிந்தே சொன்னேன்.

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறேழு மாதத்தில் எங்கள் திரைகளில் புதிய கட்டம் ஒன்று தோன்றியது. இயந்திரம் படித்ததும், அதற்கு அது சொல்லும் காரணமும் அதில் இருந்தன. சரியா தவறா என்று நாங்கள் குறிக்க வேண்டும். முதல் நாள் செல்வராணி கையைத் தூக்கினாள். "சார், இது நான் எழுதுன மாதிரியே இருக்கு." போய்ப் பார்த்தேன். 'இது தொழில் என்ற கட்டம். பெயர் வராது. ஊர் ஆத்தூர்...' என்று ஆரம்பித்திருந்தது. கூடிவிட்டார்கள். "ஏ செல்வராணி, ஒனக்குத் தங்கச்சி பொறந்திருக்காடி" என்றான் ஆண்டனி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் மேசையும் இரண்டாவது மேசையும் ஒரே நாளில் போயின. பிரபாகர் தலைமை அலுவலகத்தில் கூட்டம் என்று போய்விட்டதால், பெயர்களை நான்தான் படித்தேன். பிள்ளைகள் கத்துவார்கள், கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தேன். ஆண்டனி மட்டும் எழுந்து வெகு மரியாதையாகக் கேட்டான்: "எங்கள எதுக்கு அனுப்புறீங்கன்னு காரணம் எழுதிக் குடுங்க சார்." பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் பெயர்கள் இருந்த கோப்பை மூடினேன்.

மூன்றாவது மேசை கொஞ்ச நாள் இருந்தது. இயந்திரத்துக்குச் சந்தேகம் வருகிறவை மட்டும் அங்கே வரும். வரவர அதற்குச் சந்தேகமே குறைந்துவிட்டது. காலையில் வந்து உட்காருவார்கள், திரை வெறுமையாக இருக்கும். ஒரு படம் வந்தால் அங்கே மிஞ்சியிருந்த நாலு பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரு நாள் செல்வராணி என்னிடம் வந்தாள். "படமே வரல சார். நெட் கட்டாயிருக்கா?" நெட் இருந்தது. "செத்த நேரம் பாரும்மா" என்றேன். போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பின் அந்த மேசையும் போயிற்று. கடைசியாக நான்.

இதை மாணவர்கள் படிப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் காலத்திலும் இயந்திரம் வந்தால் சில வேலைகள் போகும், புதியவை வரும் என்று சொல்வார்கள். நானும் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். நான் பார்த்ததில் முதலில் போனது, ஒன்றும் தெரியாமல் வருகிறவர்கள் உட்காருகிற மேசை. மூன்றாவது மேசைக்குப் போகும் வழி அந்த மேசைதான். அது இல்லாமல் போனால் அடுத்த செல்வராணி எங்கே உட்கார்ந்து கற்பாள்? இப்போது வரும் விளம்பரங்களில் எல்லாம் அனுபவம் உள்ளவர்கள் தேவை என்று போடுகிறார்கள். அந்த அனுபவத்தை எங்கே போய் வாங்குவது என்று போடுவதில்லை. புதிய வேலைகள் எங்காவது வந்திருக்கலாம். தாடிக்கொம்பு பஸ்ஸில் ஏறி இறங்கும் தூரத்தில், இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்த வருடத்தில், வரவில்லை. ஆண்டனி இப்போது பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஒரு தடவை எங்கள் தெருவுக்கே வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொடுத்துவிட்டுப் போனான்.

தவக்காலத்தில் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைச் சொல்லிப் பார்த்தேன். பொய் சொன்னேன் என்பதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டவர் இளம் சாமியார். பெரிய பொய்யா என்று கேட்டார். ஒரு பெண்ணை வேலையில் இருக்கச் சொன்னேன் என்றேன். நல்லதுதானே செய்திருக்கிறீர்கள் என்று சொல்லிச் சில செபங்களை அபராதமாகக் கொடுத்தார். சொன்னேன். மனதில் இருந்த பாரம் எதுவும் இறங்கவில்லை.

சில வாரங்களுக்கு முன் விசாரித்துக்கொண்டு செல்வராணி வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. வேலை போன சில மாதங்களில் வந்திருக்கிறது. படிப்புக்குப் போக முடியாமல் தோட்டத்தை அவள் பார்த்துக்கொள்கிறாள். நான் போனபோது வாசலில் சாக்கை விரித்து, பறித்த மொட்டுகளில் மலர்ந்ததைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மலர்ந்ததைச் சந்தையில் எடுக்க மாட்டார்கள்.

"வாங்க சார். வழி கண்டுபிடிச்சு வந்துட்டீங்களே." நாற்காலி எடுத்துப் போட்டாள். மறுபடி சாக்கில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு ஒன்ன இருக்கச் சொன்னேன்லம்மா. அப்பவே எனக்குத் தெரியும். ஒரு வருசத்துக்கு மேல ஓடாதுன்னு பிரபாகர் சார் சொல்லியிருந்தாரு. தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவள் கை நிற்கவில்லை. ஒரு கைப்பிடி மொட்டைப் பிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"ஆண்டனி அப்பவே சொன்னான் சார். நாம மெஷினுக்கு டியூசன் எடுத்துக்கிட்டு இருக்கோம், முடிஞ்சதும் தொரத்திருவாங்க, எல்லாரும் வேற வேலை தேடுங்கன்னான். பாதிப் பேருக்கு அந்த நெனப்புத்தான். நாந்தான் சண்ட போட்டேன். அப்படி இருந்தா சார் என்னைய பி.எட். போக வேண்டாம்னு சொல்லுவாரான்னு கேட்டேன். அத நம்பித்தான் எல்லாரும் இருந்துட்டாங்க."

இது எனக்குத் தெரியாது. ஒருத்தியைப் போகவிடாமல் நிறுத்தினேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அவளுடைய அப்பா, "யாரும்மா வந்திருக்கா?" என்றார்.

"எங்க ஆபீஸ் சார்ப்பா."

"சாரா? அவர உள்ள கூட்டியா. காப்பி போடு."

உள்ளே போய்க் கும்பிட்டேன். நல்ல கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். எழுந்து உட்காரப் பார்த்தார், வேண்டாம் என்று தடுத்தேன். உடம்பைப் பற்றிக் கேட்டேன். அவர் அதைப் பேச விரும்பவில்லை.

"சின்னவ பன்னெண்டாவது முடிக்கப்போறா சார். நல்லாப் படிக்கிறா. ஒங்களப் பாக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், கடவுளாப் பாத்து அனுப்பிச்சிருக்காரு. அவள என்ன படிக்க வைக்கலாம்? எதுக்குப் போனா வேலை நிக்கும்? நீங்க சொன்னாச் சரியா இருக்கும்."

காப்பி கொண்டு வந்த செல்வராணி டம்ளரை என் பக்கத்தில் வைத்தாள். "சாருக்குத் தெரியாதுப்பா" என்றாள். குரலில் கோபம் இல்லை.

அவருக்குக் காதும் கொஞ்சம் மந்தமாகியிருந்தது. என்னையே பார்த்து, இன்னும் சத்தமாக மறுபடியும் கேட்டார். இந்த முறை அவள் வாசலுக்குப் போய்ப் பூப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

நான் அவர் காதருகே குனிந்து, "எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

அடக்கமாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். "படிச்சவங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.